படம் கலங்குகிறதா, பறவை பறக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

காரைக்குடியைச் சுற்றி இருக்கிற ஊர்களில் கேமராவோடு அலைகிறவர்கள் இப்போது நிறையப் பேர். படம் சரியாக வரவில்லை என்றதும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். கெட்டுப்போன படத்தை அழித்துவிடாமல் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கே தவறியது என்பது அதிலேயே இருக்கும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கோளாறு கேமராவில் இருப்பதில்லை. நாம் நின்ற இடத்திலும் போன நேரத்திலும் இருக்கிறது. உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

படம் கலங்கலாக வருகிறது

கலங்கலில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

பறவை, கிளை, பின்னால் இருக்கிற சுவர் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடுகிற நேரம், 1/300 நொடியை விட மெதுவாகப் போகக் கூடாது. சென்சார் சிறியதாக இருக்கிற கேமரா என்றால் 1/500 வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையைத் திண்ணைத் தூணிலோ வண்டி சீட்டிலோ ஊன்றினால் இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம்.

கிளை கத்தி மாதிரி இருக்கிறது, குருவி மட்டும் கலைந்திருக்கிறது என்றால் குருவி அசைந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற மீன்கொத்திக்கு 1/500 போதும். செம்பருத்திப் பூவில் தொங்குகிற தேன்சிட்டுக்கும் பறக்கிற கரிச்சானுக்கும் 1/2000 ஆவது வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணர்கிற அளவை, ஏற்றத்தான் வேண்டும். 1600, 3200 என்று ஏற்றப் பலர் பயப்படுகிறார்கள். புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். கலைந்துபோன இறகைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

குருவி மங்கலாக இருக்கிறது, முன்னால் நிற்கிற முள் மட்டும் துல்லியமாக இருக்கிறது என்றால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. சீமைக்கருவேலம் மண்டிய நம்ம பக்கத்தில் இது தினசரித் தொல்லை. கேமராவைத் தானாகத் தேட விட்டால் அது பெரும்பாலும் கிட்டத்தில் இருக்கிற முள்ளைத்தான் பிடிக்கும். ஃபோகஸ் புள்ளியை ஒன்றாகக் குறைத்து அதைக் கண்ணின்மேல் வையுங்கள். அப்போதும் முள்ளுக்கே தாவினால் லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பிக் குருவிக்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு பொத்தானை அழுத்துங்கள். பல நேரம் ஓரடி இடமோ வலமோ நகர்ந்தாலே போதும், முள்ளுக்கு நடுவே ஒரு சந்து கிடைத்துவிடும்.

அடுத்தது பலரை ஏமாற்றுகிற வகை. ஷட்டர் வேகம் சரி, ஃபோகஸ் சரி, ஆனாலும் எடுத்த எல்லாப் படமும் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்த மாதிரி நெளிந்திருக்கும். பங்குனி, சித்திரையில் வறண்ட கண்மாய்க்குள் பத்து மணிக்கு மேல் எடுத்த படங்களைப் பாருங்கள். அது கானல். சுட்டுப்போன தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றும் மேலே இருக்கிற காற்றும் ஒளியை வேறு வேறு அளவில் வளைக்கின்றன. தூரம் கூடக் கூட நெளிவும் கூடும். எத்தனை லட்சத்துக்கு லென்ஸ் வாங்கினாலும் அது இந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கிக் காட்டும். இது தெரியாமல் நான் ஒருமுறை லென்ஸைப் பழுது பார்க்க அனுப்பி, ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்த பிறகுதான் காரணத்தைத் தேடினேன். கோடையில் காலை எட்டு மணிக்குள் எடுத்து முடித்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் மர நிழலில், இருபது முப்பதடிக்குள் இருக்கிறதை மட்டும் எடுங்கள்.

விடியற்காலையில் எடுத்த முதல் பத்துப் படம் மட்டும் பால் ஊற்றின மாதிரி இருக்கிறதா? இரவெல்லாம் ஏசி அறையில் இருந்த கேமராவை நேரே வெளியே கொண்டுவந்திருப்பீர்கள். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்துவிடும். துணியால் தேய்க்க வேண்டாம். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னதாகத் திண்ணையில் வைத்துவிட்டால் பிரச்சினையே வராது.

கிட்டப் போனாலே பறந்துவிடுகிறது

இதற்குத்தான் ஆட்கள் பெரிய லென்ஸ் வாங்குகிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

கண்மாய்க்குப் போனால் நம் கால் தானாகக் கரைமேல் ஏறிவிடும். அங்கிருந்து எல்லாம் தெரியும். ஆனால் கண்மாய்க்குள் இருக்கிற கொக்குக்கும் நாரைக்கும் அந்தக் கரைமேல் நிற்கிற ஆள் வானத்துக்கு எதிரே தனியாகத் தெரிவார். நான் பல மாதம் இப்படியே நின்று பறவைகளை விரட்டிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர்தான், "கரைமேல நின்னா ஊருக்கே தெரியும் தம்பி, கொக்குக்குத் தெரியாதாக்கும்? கீழ எறங்கி வாங்க" என்றார். அன்றிலிருந்து கரையின் வெளிச்சரிவில் படுத்து, லென்ஸ் மட்டும் விளிம்புக்கு மேலே எட்டிப்பார்க்கிற மாதிரி வைக்கிறேன். முன்பு நூறடியில் பறந்த கொக்கு இப்போது நாற்பதடியில் மீன் பிடிக்கிறது.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நம்ம பக்கம் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் தண்ணீரை மறிக்கிற கரை பல கண்மாய்களில் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். காலையில் அந்தக் கரையில் படுத்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் முழுக்கப் பறவைமேல். சாயங்காலம் அதே இடத்தில் எல்லாம் நிழலுருவாகத்தான் வரும். அது வேண்டும் என்றால் சாயங்காலம் போங்கள். இறகின் நிறம் வேண்டும் என்றால் காலைதான்.

அந்தப் பெரியவரிடம் கற்ற இன்னொன்று, ஆடுமாடுகளோடு சேர்ந்து நடப்பது. உண்ணிக்கொக்கும் கரிச்சானும் மாட்டின் காலடியில் கிளம்புகிற பூச்சிக்காகக் கூடவே வருபவை. மந்தையோடு மெதுவாக நகர்கிற ஆளை அவை பொருட்படுத்துவதில்லை. தனியாக, நேர்க்கோட்டில், தங்களையே பார்த்துக்கொண்டு வருகிற ஆளைக் கண்டால்தான் அவற்றுக்குப் பயம். பக்கவாட்டில் வளைந்து போங்கள், இடையிடையே வேறு பக்கம் பாருங்கள். கார் இருந்தால் இறங்காமல் கண்ணாடியை இறக்கி எடுங்கள். பனங்காடை மின்கம்பியில் உட்கார்ந்திருந்தால் காரை அடியில் நிறுத்தினாலும் பல நேரம் பறக்காது. கதவைத் திறந்தால் போய்விடும்.

பறவை பறப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் பறக்கும். மேய்வதை நிறுத்தும், கழுத்தை நீட்டும், உடம்பைத் தாழ்த்தும், பெரும்பாலும் எச்சம் போடும். கழுத்து நீண்டதுமே நீங்கள் நின்றுவிட வேண்டும். ஓரடி பின்வாங்கினால் இன்னும் நல்லது. திரும்ப மேய ஆரம்பித்த பிறகு அடுத்த அடி.

ஆட்காட்டி கத்த ஆரம்பித்துவிட்டால் அந்தப் பக்கத்துப் பறவை எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது என்று அர்த்தம். அசையாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தால் அடங்கும். அடங்காமல் உங்கள் தலைக்கு மேலேயே பாய்ந்து பாய்ந்து கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. ஆட்காட்டி கூடு கட்டாது, வெட்டவெளித் தரையில் சிறு கல்லுக்கு நடுவே முட்டையிடும். நம்ம செம்புராங்கல் சரளையில் அந்த முட்டை கண்ணுக்கே தெரியாது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதன் முட்டைக் காலம். காலடியைப் பார்த்துப் பார்த்து வைத்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

வீட்டில் இருந்தே எடுப்பதாக இருந்தால் செட்டிநாட்டு வீட்டை விட நல்ல மறைவிடம் கிடையாது. உள்ளே இருட்டு, தடித்த சுவர், கம்பி வைத்த சன்னல். ஒரு கதவை மூடி ஒன்றைப் பாதி திறந்து, கம்பிக்கு நடுவே லென்ஸை வையுங்கள். பின்கட்டில் தண்ணீர் குடிக்க வருகிற தவிட்டுக்குருவிக் கூட்டம் ஆறேழடியில் உங்களைக் கவனிக்காமல் குளித்துவிட்டுப் போகும்.

கொக்கு வெள்ளையாக எரிந்துவிடுகிறது, கரிச்சான் கரிக்கட்டையாக வருகிறது

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கண்மாயின் கருத்த தண்ணீர் படத்தை நிறைத்தால், "இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நடுவில் நிற்கிற கொக்கின் இறகு வரியெல்லாம் அழிந்து வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். +/- குறி போட்ட பொத்தானில் -1 வைத்து எடுங்கள். கரிச்சான் வெளுத்த வானத்துக்கு எதிரே கம்பியில் உட்கார்ந்திருந்தால் தலைகீழ். +1 முதல் +1.7 வரை ஏற்றினால்தான் அதன் மின்னும் கருப்பும் கண்ணும் தெரியும்.

நம்ம ஊரில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கு எதிரே எந்தக் குருவியை எடுத்தாலும் சுவர் அழுக்குச் சாம்பலாகவும் குருவி இருட்டாகவும் வரும். அங்கேயும் +1. முற்றத்தில் நண்பகல் வெயில் கட்டமாக விழும்போது உத்தரத்தில் இருக்கிற சிட்டுக்குருவியை எடுக்க முயலாதீர்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் இருக்கிற வித்தியாசத்தை எந்த அமைப்பாலும் சமாளிக்க முடியாது. வெயில் முற்றத்தை விட்டு விலகட்டும், பட்டாலைக் கூடம் முழுக்க ஒரே மெல்லிய வெளிச்சமாக இருக்கும்போது எடுங்கள்.

சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை

முதலில் நின்ற இடத்திலிருந்து சத்தம் வருகிற திசையைக் கையால் சுட்டுங்கள். இருபது தப்படி பக்கவாட்டில் நடந்து மறுபடி சுட்டுங்கள். இரண்டு கோடும் சேர்கிற இடத்தில் தேடுங்கள். செம்மார்புக் குக்குறுவானுக்கு மட்டும் இது சிரமம், கூவும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் சத்தம் இடம் மாறி மாறிக் கேட்கும். அதற்கு விடிந்த கையோடு ஆல், அரச மரங்களின் இலையில்லாத உச்சிக் கொம்பைப் பாருங்கள். இளவெயில் காய வந்து உட்கார்ந்திருக்கும்.

குரல் பெரிது என்பதற்காகப் பெரிய பறவையைத் தேடாதீர்கள். தோட்டத்தையே அதிர வைக்கிற அந்த "டுவிட், டுவிட்" கட்டைவிரல் அளவு உடம்புள்ள தையல்சிட்டினுடையது. இடுப்பு உயரத்துக்குக் கீழே செடிக்குள் தேடுங்கள்.

ஆறுமணிக்குருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தங்கள் வீட்டுக்கே அது வந்து போனதை அறியாமல் இருக்கிறார்கள். கோடையில் வடக்கே கூடு கட்டிவிட்டு, ஐப்பசி வாக்கில் தெற்கே வரும். விடிகிற நேரமும் அந்தி நேரமும் இரட்டைச் சீழ்க்கையாகக் கூப்பிடுவதால்தான் அந்தப் பெயர். பச்சை முதுகு, வெளிர்மஞ்சள் வயிறு, வாலடியில் சிவப்பு, இறக்கையில் நீலத் தீற்று. இவ்வளவு நிறமும் சருகுக்குள் இறங்கினால் மறைந்துபோகும். சத்தம் கேட்டதும் எல்லோரும் மரத்தைப் பார்ப்பார்கள். தரையைப் பார்க்க வேண்டும். சருகைப் புரட்டிப் புழு தின்கிற பறவை அது.

எங்கள் பின்கட்டு மாமரத்தடியில் ஒரு ஐப்பசியில் அது வந்து தங்கியது. அந்தச் சருகைத் தினமும் கூட்டித் தள்ளுகிற பக்கத்து வீட்டு ஆச்சியிடம், "ஆச்சி, நாலு நாளைக்கு இதைக் கூட்டாம விடுங்க, ஒரு குருவி வந்திருக்கு" என்று கேட்டேன். "பூச்சிபொட்டு கெடக்கும் அப்பு, பாத்துப் போ" என்றார்கள், ஆனால் விளக்குமாற்றை வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை, கிணற்றடியில் தரையோடு உட்கார்ந்து, 1/250, ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுத்தேன். ஆச்சியும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எந்தப் பறவையையும் வெளியே வரவைப்பதற்காகக் கைபேசியில் அதன் குரலைப் போட்டுக் காட்டாதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து இரையை விட்டுவிட்டு அலையும்.

தோட்டத்துக்கு எதுவுமே வருவதில்லை

தோட்டம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். சிமென்ட் போட்ட தரை, வெட்டிவிட்ட குரோட்டன்ஸ், வாரம் ஒருமுறை பூச்சிமருந்து என்று இருந்தால் பறவைக்கு அங்கே சாப்பாடு இல்லை.

முதலில் தண்ணீர். அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில், ஆனால் பறந்து ஏறிக்கொள்ள ஒரு கிளை ஏழெட்டடிக்குள் இருக்கிற மாதிரி வையுங்கள். தினமும் கொட்டிவிட்டு ஊற்றினால் கொசுப் பயம் இல்லை. பங்குனி வெயிலில் இது ஒன்றே போதும், ஒரு வாரத்தில் மைனா, கொண்டைக்குருவி, அணில், சில இடத்தில் கீரிகூட வரும்.

பிறகு செடி. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இருந்தால் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் முட்டையிட வரும். அதன் சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் பச்சை. நசுக்கிவிடாதீர்கள், நாலு கொத்து இலை போனால் மரம் சாகாது. வேலியோர எருக்கை விட்டுவைத்தால் வெந்தய வரியன் வரும். முருங்கையும் செம்பருத்தியும் தேன்சிட்டுக்கு.

பட்டாம்பூச்சி கிட்டப் போனதும் எழுந்துவிடுகிறது என்றால் உங்கள் நிழல் அதன்மேல் விழுந்திருக்கிறது. சூரியனைப் பார்த்துச் சுற்றி வந்து, காலை ஏழரை எட்டு மணிக்கு அது இறக்கை விரித்து வெயில் காய்கிறபோது எடுங்கள். இறக்கைத் தளத்துக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால்தான் முழுவதும் ஃபோகஸில் இருக்கும்.

குருவி கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது

வண்டிக் கண்ணாடியிலும் முகப்பு நிலைக்கண்ணாடியிலும் தெரிகிற தன் உருவத்தை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. கூடு கட்டும் காலத்தில் நாள் முழுக்க இதையே செய்து களைத்துப்போகும். ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள். படம் எடுப்பதற்காக மூடாமல் விடாதீர்கள்.

கண்மாய்க்குப் போனேன், ஒன்றுமே இல்லை

மழையைக் கேட்டுவிட்டுப் போங்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-இல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் ஆயின. பறவைகள் பயந்துவிடும் என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அவ்வளவு அக்கறை இருந்தும் வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் பறவை வராது. நல்ல மழை பெய்த ஆண்டில் கார்த்திகை முதல் மாசி வரை நத்தைகுத்தி நாரை, வக்கா, பாம்புத்தாரா எல்லாம் பார்க்கலாம். கரையிலிருந்தே எடுங்கள்.

சரணாலயம் இல்லாத சாதாரணக் கண்மாய்க்கு வேறு கணக்கு. அது நிரம்பி வழிகிறபோது மீன் பரவிக் கிடக்கும், பறவையும் பரவிக் கிடக்கும். தண்ணீர் வற்றி நடுக்குட்டையாகச் சுருங்குகிற மாசி, பங்குனியில் மீன் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். அந்தப் பத்துப் பதினைந்து நாள்தான் அங்கே கூட்டம்.

கைபேசியில் பறவை வெறும் புள்ளியாக வருகிறது

தனி ஜூம் லென்ஸ் இல்லாத கைபேசியில் விரலால் விரித்துப் பெரிதாக்குவது படத்தை வெட்டுவதுதான், வேறொன்றும் இல்லை. கைபேசியைக் கிட்ட இருப்பவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓணான், தட்டான், கம்பளிப்புழு. பறவைக்கு 8 மடங்கு பைனாகுலர் ஒன்று வாங்கி, அதில் நாம் கண் வைத்துப் பார்க்கிற முனையில் கைபேசி லென்ஸை ஒட்டி வைத்து எடுத்துப் பாருங்கள். கேமரா வாங்குவதற்கு முன் எல்லோரும் பைனாகுலர்தான் வாங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

படம் நன்றாக இருக்கிறது, என்ன பறவை என்று தெரியவில்லை

அழகான கோணம் ஒன்றே ஒன்று இருந்தால் இப்படித்தான் ஆகும். அலகு, கால், வால் மூன்றும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒன்று எடுத்துவிட்டு அப்புறம் அழகைப் பாருங்கள். வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒன்று போலத் தெரிகிறவர்களுக்கு: அலகு கருப்பு, கால் கருப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு, மாட்டோடு திரிகிறது என்றால் உண்ணிக்கொக்கு, கூடு கட்டும் காலத்தில் தலையும் கழுத்தும் காவி நிறமாகும். கழுத்தில் முடிச்சு போட்ட மாதிரி வளைவு இருந்து, வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு.

இரவில் எடுத்தால் கண் மட்டும் மின்னுகிறது

ஃபிளாஷை நிறுத்துங்கள். பூட்டிக் கிடக்கிற வீடுகளின் மாடத்தில் கூகை இருக்கும். அதன் குரலைக் கெட்ட சகுனம் என்பார்கள், அது தின்பது எலியைத்தான். அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கிறபோதே அது வெளியே வருகிற ஓட்டையில் ஃபோகஸை நிறுத்தி, தூரத்தில் உட்கார்ந்து காத்திருங்கள். இருட்டில் புல்லுக்குள் நடக்க மூடிய ஷூவும் டார்ச்சும் கட்டாயம், கண்ணாடி விரியன் இருக்கிற ஊர். எந்தப் பாம்பானாலும் பத்தடிக்குள் போக வேண்டாம்.

தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பவில்லை

வாயில் இரையோடு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தால் அது உங்களைப் பார்த்துத்தான் கத்துகிறது. இதற்குக் கேமராவில் செய்ய ஒன்றும் இல்லை, உடனே விலக வேண்டும். கோடையில் இது நிமிடக் கணக்கு. ஆட்காட்டி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர வைக்கிற பறவை. நண்பகலில் நீங்கள் அங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகிறது. படத்துக்காக இலையையோ கிளையையோ ஒதுக்கியிருந்தால் பழையபடி விட்டுவிடுங்கள். கிளம்பும்போது நேராகக் கூட்டிலிருந்து நடக்காமல், வேறு இரண்டு மூன்று செடிப் பக்கமும் நின்றுவிட்டுப் போங்கள். நீங்கள் எங்கே குனிந்தீர்கள் என்று வேப்பமரத்துக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.